தூங்கவிடாத கார்

டிரைவர் ஒரே மாதத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நாற்பத்தொரு முறை தூங்கியிருந்தார். தேதி, மணி, நிமிடம் எல்லாம் அச்சடித்த காகிதத்தில் இருந்தது. மேலாளர் அதை முதலாளியம்மாவின் மேஜைமேல் வைத்து, பக்கத்திலேயே வேலைநீக்கக் கடிதத்தையும் வைத்தார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"நான் சொல்லல மேடம், கார் சொல்லுது," என்றார். "மனுஷன் பொய் சொல்லுவான். மெஷினுக்கு அந்தக் கெட்ட பழக்கம் கிடையாது."

கார் வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. சாலையில் போட்ட கோட்டைத் தாண்டினால், தானே ஸ்டியரிங்கைத் திருப்பும். எதிரே ஒரு பிளாஸ்டிக் கவர் பறந்தால்கூட உயிர் போகிற மாதிரி பிரேக் போடும்.

டிரைவர் கண்ணை மூடுகிறாரா என்று பார்க்க ஒரு குட்டிக் கேமராவும் உண்டு. இரண்டு நொடி மூடினால் போதும், ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறும். வண்டியைத் தானே ஓரங்கட்டிவிட்டு, "தயவுசெய்து ஓய்வெடுங்கள்" என்று தேன் குரலில் உபதேசம் வேறு செய்யும்.

பாவம், அந்த மனுஷன் எதை விட்டுவைத்தார்? கிராம்பு மென்றார். வண்டியை நிறுத்திய இடத்திலெல்லாம் முகம் கழுவினார். கிள்ளிக் கிள்ளித் தொடை கன்றிப்போனது.

வீட்டில் மனைவி எட்டு மணிக்கே விளக்கை அணைத்து, பிள்ளைகள் வாயைப் பொத்தி, அவரைத் தூங்க வைத்தாள். மறுநாளும் கார் அலறியது. கடைசியில் அவருக்குத் தன்மேலேயே நம்பிக்கை போய்விட்டது.

"பதினாலு வருஷமா ஓட்டறேன் மேடம். ஒரு கீறல் கிடையாது." டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டார். "இந்த வயசுல தூங்குமூஞ்சின்னு பேர் வாங்கிட்டு வெளிய போனா, வேற எவன் என் கையில ஸ்டியரிங்கைக் குடுப்பான்?"

முதலாளியம்மா பேனா மூடியைக் கழற்றியவர் நிறுத்தினார். "ஒரு நாள்கூட அலறாம இருந்ததில்லையா?"

டிரைவர் யோசித்தார். "போன வாரம் சேல்ஸ் மேடம் முன்சீட்டுல உக்காந்து வந்தாங்க. போக வர நாலு மணி நேரம். அன்னிக்கு இந்தக் கார் மூச்சே விடல."

"எப்படி விடும்?" மேலாளர் சிரித்தார். "அந்தம்மா ஏறினதுலருந்து இறங்கற வரைக்கும் வாய் மூடாது. பக்கத்துல அப்படி ஒருத்தர் இருந்தா பொணம்கூடத் தூங்காது! நான் அப்படியா? தினம் அதே முன்சீட்டுல உக்காந்துட்டா கம்பெனியைப் பத்தித்தான் யோசனை. ஒரு வார்த்தை பேச மாட்டேன். அந்த அமைதியில இவனுக்குக் கண்ணு சொக்குது."

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். "தப்பு என்மேலதான் போல மேடம்."

முதலாளியம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் காகிதம் காகிதம்தானே. பேனாவை மறுபடி எடுத்த நேரத்தில் கார் கம்பெனியிலிருந்து டெக்னீஷியன் பெண் மடிக்கணினியோடு உள்ளே வந்தாள். கேமரா ஒழுங்காக இருக்கிறது என்று எழுதி வாங்கிக்கொள்ள மேலாளர்தான் அவளை வரவழைத்திருந்தார். பின்னால் யாரும் கேள்வி கேட்கக் கூடாதல்லவா?

"பாத்துட்டீங்களாம்மா? மெஷின்ல குறை ஒண்ணும் இல்லையே?"

"இல்ல சார். யாராவது கண்ணை மூடினா கரெக்டாக் கண்டுபிடிக்குது. ஆனா அது ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கிற வெளிநாட்டு வண்டிக்குச் செஞ்ச கேமரா சார். ஃபேக்டரியில திருப்பி வைக்காம அப்படியே..."

"அந்த இன்ஜினியரிங் கதையெல்லாம் இப்ப எதுக்கு?" மேலாளர் குறுக்கே புகுந்தார். "அலறும்போதெல்லாம் போட்டோ எடுத்து வச்சிருக்கா, இல்லையா?"

"வச்சிருக்கு சார்."

"அப்புறம் என்ன? ஆபீஸ்ல எல்லாரையும் கூப்பிடறேன். சுவத்துல பெரிசாப் போடுங்க. வேலை நேரத்துல தூங்கறவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு எல்லாரும் பாக்கட்டும். நாலு பேருக்குப் புத்தி வரும்."

அவரே கதவைத் திறந்து குரல் கொடுத்தார். ஆட்கள் வந்து சுவரோரம் நின்றார்கள். டிரைவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டெக்னீஷியன் பெண் மடிக்கணினியைத் திறந்து முதல் படத்தைப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். அதற்கும் அடுத்ததைப் பார்த்துவிட்டு மேலாளரை ஏறிட்டாள்.

"என்னம்மா முழிக்கறீங்க? போடுங்க!"

"எல்லாப் படத்துலயும் தூங்கறது நீங்கதான் சார். போடட்டுமா?"