நாலு விரக்கடை

"பெத்த பையன் செத்த நாப்பதாம் நாள் காரியத்துக்கு வெட்ட வேண்டிய குதிரையை வித்துட்டு வண்டி வாங்கியிருக்கியே, நீயெல்லாம் மனுஷனா மச்சான்?"

என் ஒர்க்‌ஷாப் வாசல்ல நின்னு ஜாகிப் கத்தினான். ஓர்மோன் அண்ணனோட பொண்டாட்டிக்குத் தம்பி அவன். மெக்கானிக்குங்கறதால ஊர்ல எல்லாரும் என்னை 'உஸ்தா'ன்னுதான் கூப்பிடுவாங்க.

அண்ணன், ராணுவம் கழிச்சுவிட்ட அந்தப் பச்சை பிக்கப்போட டயரையே பார்த்துக்கிட்டு நின்னாரு.

"குதிரை வெட்டாம எந்தக் கிர்கிஸ்காரனாவது நாப்பது நடத்துவானா உஸ்தா? வந்த ஜனத்துக்கு வெறும் டீயும் பொரிச்ச ரொட்டியும் குடுத்து அனுப்பிட்டாரு. எங்க அக்கா மூஞ்சியை எங்க வெச்சுக்குவா?"

காறித் துப்பிட்டுப் போயிட்டான்.

எனக்கும் கோவம்தான். ஜனவரியில ஆட்டை ஓட்டிட்டு மலைக்குப் போன அண்ணன் பையன் எசென் மேல பனி சரிஞ்சு விழுந்துது. கூடப் போன கூலி மேய்ப்பனும் மாட்டிக்கிட்டான். மூணாம் நாள் எசெனைத் தோண்டி எடுத்துட்டு வந்தாங்க. இருபத்தி நாலு வயசு. ஊரே அழுதுது. பெத்த அப்பன் என்னடான்னா, நாரின் டவுன்ல ராணுவ ஏலத்துல வண்டி எடுக்கறாரு!

வண்டியைக் குறை சொல்ல முடியாது. முப்பது வருஷமா கிடங்குல கட்டை மேலயே நின்ன வண்டி. டயரு வெடிப்பு விட்டுப் போச்சே தவிர, இன்ஜினு புத்தம் புதுசு.

"என்னண்ணே பண்ணணும்?"

"ரோடே இல்லாத எடத்துக்குப் போகணும் உஸ்தா. ஆத்துல எறங்கணும். பெரிய டயரு போடு. முன்னாடி இழுவைக்கு வின்ச் வை. பின்னாடி சாமான் ஏத்தற தொட்டி மட்டும் ரெண்டு மீட்டர் நீளம் வேணும்."

"பின்னாடி சிப்பாய்ங்களுக்கு ஹீட்டர் குழாய் வருதே?"

"கழட்டிடு. பின்னாடி சூடே ஆகக் கூடாது."

ஓகோ! வேட்டை! கொம்பு பெருத்த மலையாட்டைச் சுடறதுக்கு வெளிநாட்டுக்காரன் கட்டுக்கட்டா டாலர் தர்றான். கறி கெட்டுடக் கூடாது, அதான் சூடு வேணாங்கறாரு.

"எந்தப் பக்கம்ணே போறீங்க?"

"எசென் செத்தானே, அந்தப் பள்ளத்தாக்குக்குத்தான்."

சீச்சீ! பையன் செத்த எடத்துலயே போய்ச் சம்பாதிக்க நினைக்கிற அப்பனை அன்னிக்குத்தான் பார்த்தேன்.

அந்தக் கோவத்துல ஒரு காரியம் பண்ணினேன். ராணுவ ஆக்சில் சாதா ஆக்சில் மாதிரி கிடையாது. சக்கரத்துப் பக்கத்துலயே தனிப் பல்சக்கரம் இருக்கும். வண்டியோட அடிவயிறு நாலு விரக்கடை கூடத் தூக்கி நிக்கும். தேடினாலும் கிடைக்காத சரக்கு.

"இந்த ஆக்சில் ரொம்பச் சத்தம் போடும்ணே. மாத்திடறேன்."

"உனக்குத் தெரியாததா? நல்லதாப் பார்த்துச் செய்யி."

குதிரையைப் பத்திக் கேட்டா நாள் பூரா பேசுவாரு. வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. என் வண்டியில இருந்த பழைய சாதா ஆக்சிலை அவர் வண்டியில மாட்டினேன். ராணுவ ஆக்சிலை என் சொந்த வண்டிக்குப் போட்டுக்கிட்டேன். மனசு உறுத்தவே இல்ல. இந்த ஆளுக்கு இது போதும்னு நினைச்சேன்.

ஏப்ரல்ல ஒரு மத்தியானம் அண்ணன் நடந்து வந்தாரு. தொடை வரைக்கும் சேறு. ரெண்டு கையிலயும் துணி சுத்தியிருந்துது.

"வண்டி எங்கண்ணே?"

"ஆத்துல. போறப்ப தண்ணி கம்மி, தாண்டிட்டேன். திரும்பறப்ப சாயங்காலம், பனி உருகித் தண்ணி ஏறிடுச்சு. நடு ஆத்துல அடிவயிறு பாறை மேல உக்காந்துக்கிச்சு. வின்ச் கயிறு கட்டக் கரையில ஒரு மரம் இல்ல. தொட்டியில இருந்ததை ஆறு இழுத்துட்டுப் போயிடுச்சு உஸ்தா."

"எத்தனை ஆடுண்ணே போச்சு?" கிண்டலாத்தான் கேட்டேன்.

அவரு ஒண்ணும் புரியாம முழிச்சாரு.

"ஆடா? தாலாயோட உடம்பு உஸ்தா. எசென்கூடப் போனானே, அந்த மேய்ப்பன்."

கையில இருந்த ஸ்பேனரைக் கீழ வெச்சேன்.

"அவனை யாரும் தோண்டலயே. பனி உருகட்டும், பார்க்கலாம்னுட்டாங்க. உருகினா ஆத்தோடதானே போவான்? ஒறைஞ்ச உடம்பைக் குதிரை மேல மடிச்சுப் போட முடியாது. அதான் குதிரையைக் குடுத்து வண்டி வாங்கினேன். ஆறு நாள் தோண்டினேன். காலையில தண்ணி வடியற வரைக்கும் நின்னிருக்கலாம். உடம்பு எளகிடுமேன்னு எறங்கிட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாண்ணே!"

"சொன்னா எசெனோட அம்மா என்னை அந்தப் பக்கம் விடுவாளா? என் பையன் கூப்பிட்டுத்தான் அவன் வந்தான் உஸ்தா. என் பையனுக்கு ஒரு குழி இருக்கு. அவனுக்கு வேணாமா?"

அவரு அழல. அழுதிருந்தாக்கூடத் தேவலை.

"உன் மேல தப்பில்ல உஸ்தா. நீ நல்லாத்தான் செஞ்சு குடுத்தே. எனக்குக் குடுத்து வைக்கல." துணி சுத்தின கையால என் தோளைத் தொட்டாரு. "இப்ப தாலாயோட அம்மாகிட்டப் போய்ச் சொல்லணும். தனியாப் போக எனக்குத் தைரியம் இல்ல. உன் வண்டியை எடு, நீயும் கூட வா."

"நானா? அந்தம்மாவுக்கு என்னைத் தெரியாதேண்ணே."

"தெரியும். தன் பையனைக் கொண்டு வர வண்டி தயார் பண்றது யாருன்னு கேட்டு, உன் பேரைத் தெரிஞ்சுக்கிட்டா. அஞ்சு வேளைத் தொழுகையிலயும் உனக்காகத்தான் கையேந்திக்கிட்டு இருக்கா."