வழி சொன்ன பக்கம்

நிரல் எழுத வருகிறவர்களுக்கு, அதன் தொடக்கத்தில் எந்த ஹெட்டர் கோப்பைச் சேர்க்க வேண்டும் என்று வழி சொல்வதுதான் அந்தக் கையேட்டுப் பக்கத்தின் வேலை. ஒருநாள் கர்சர் வந்து, கோப்பின் பெயர்மேல் கண்சிமிட்டிக்கொண்டு நின்றது. பக்கத்துக்குச் சுருக்கென்றது. இந்தப் பயல் யாரிடம் என்ன வாங்கித் தின்றுவிட்டு வந்திருக்கிறானோ!

“அந்தப் பேர்ல கை வைக்காதே. எந்தப் புதுக் கோப்பு உன்னை ஏவிவிட்டுது?”

“யாரும் ஏவல அண்ணே. நீங்க சொல்ற கோப்பு இப்ப அங்க இல்ல. அதான் பேரை மாத்த வந்தேன்.”

“புளுகாதே! இத்தனை காலமா எல்லாரையும் அங்கதான் அனுப்புறேன். கோப்பு இல்லேன்னு ஒருத்தராவது திரும்பி வந்து சொன்னதுண்டா?”

“சரி அண்ணே. வேற எதுக்காவது யாராச்சும் திரும்பி வந்ததுண்டா?”

பக்கம் வாசலைப் பார்த்தது. போனவர்களின் தடம்தான் இருந்தது; திரும்பி வந்த தடம் ஒன்றுகூட இல்லை.