பதினைந்து வயதுக்கு உட்பட்டோர்

"எழில்மதிங்கிறது யாரு?"

ஏட்டு கலியமூர்த்தி கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தபடியே கேட்டார். போலீஸ்காரர் வீடு தேடி வந்தும் அக்கம்பக்கத்தில் யாரும் முகம் சுளிக்காத காரியம் பாஸ்போர்ட் விசாரணை ஒன்றுதான்.

"இவதான் சார்." வைத்திலிங்கம் மகளைத் தோளைப் பிடித்து முன்னால் நகர்த்தினார். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஷிப்டுக்குப் போகாமல் காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீனாவுக்கு எதுக்கும்மா போற?"

"பேட்மிண்டன் சார். ஆசிய ஜூனியர் போட்டி. இந்தியா டீம்ல எடுத்திருக்காங்க."

"நம்ம பூப்பந்தா? அதத்தான் நெய்வேலியில பிளாக்குக்கு பிளாக் ஆடுறாங்களே!"

பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது கம்பளிப் பந்து சார், பக்கத்துக்கு அஞ்சு பேரு. இது இறகுப்பந்து. ஒண்ணுல பதினாறு வாத்து இறகு இருக்கும். வலைக்கு அந்தாண்ட கோட்டுக்குள்ள விழ வெச்சா ஒரு பாயின்ட். இருபத்தொண்ணு எடுத்தா ஒரு கேம். மூணுல ரெண்டு ஜெயிக்கணும்."

"கோட்டு மேலயே விழுந்துட்டா?"

"உள்ளதான் சார். சந்தேகம்னா கையத் தூக்கி கேக்கலாம், கேமராவுல பார்த்துச் சொல்லிடுவாங்க. பெரிய போட்டியில ஏமாத்த முடியாது."

"வயசுக் கணக்கு உண்டா?"

"இது பதினஞ்சுக்கு உட்பட்டவங்களுக்கு. ஒரு நாள் கூடுதலா இருந்தாலும் சேத்துக்க மாட்டாங்க."

"பதினாலுக்கு நல்ல உசரம்."

"ஆடி ஆடியே வளந்துட்டா சார்," என்று வைத்திலிங்கம் முந்திக்கொண்டார். "ஒரு இன்டர்நேஷனல் சர்டிபிகேட் வந்துட்டாப் போதும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல எங்கியாவது பர்மனென்ட் ஆயிடுவா. நான்தான் பதினெட்டு வருஷமா கான்ட்ராக்ட்டாவே கெடக்குறேன்."

"அம்மாவையும் கூப்புடுங்க. ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

வைத்திலிங்கம் சமையலறைக்குப் போனார். சுவருக்குக் காது இருக்கிறதோ இல்லையோ, ஏட்டுக்கு இருந்தது.

"நான் வரல. என் வாயால சொல்ல மாட்டேன்."

"ஆதி, இத்தினி நாளு ஒழைச்சதுல்லாம் வீணாப் பூடும். ஒரே ஒரு ஆமான்னு சொல்லு. உன் காலப் புடிக்கிறேன்."

பெண்ணைக் கடல் தாண்டி அனுப்ப மனம் வராத தாய் என்று ஏட்டு நினைத்துக்கொண்டார். ஆதிலட்சுமி புடவைத் தலைப்பைப் பற்றியபடி வந்து நின்றாள்.

"எழில்மதி உங்க பொண்ணுதானேம்மா?"

"ஆமாங்க."

"எப்பப் பொறந்தா?"

அதற்கு மட்டும் அவள் யோசிக்கவே இல்லை.

"சித்திரை இருவதுங்க. கம்மாபுரத்துல. கரண்டு இல்ல, நல்ல புழுக்கம். ரெண்டு கிலோதான் இருந்தா. அழவே மாட்டா, எந்நேரமும் கட்டவெரலச் சூப்பிகினு கெடப்பா…"

வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஏட்டுக்கே சங்கடமாகிவிட்டது. "எதுக்கும்மா அழுவுறீங்க? பத்து நாள்ல திரும்பி வந்துடப் போறா."

எழுதி முடித்து எழுந்தபோதுதான் சுவரில் மாலை போட்ட படம் அவர் கண்ணில் பட்டது. ரெட்டை ஜடையில் ஒரு சின்னப் பெண்.

"இது யாரு?"

"பெரியவ சார்," என்றார் வைத்திலிங்கம். "மூளைக்காய்ச்சல். மூணு வருஷமாச்சு. நாங்க கம்மாபுரத்த வுட்டு இங்க வர்றதுக்கு முன்னாடி. டெத் சர்டிபிகேட் இருக்கு, எடுத்தாரவா?"

"வேணாம், வேணாம். பேரு?"

வைத்திலிங்கம் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சண்முகப்பிரியா," என்றாள் பெண், மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பதுபோல.

"பாவம். கடவுளுக்குக் கண்ணே இல்ல." ஏட்டு கையெழுத்து வாங்கிக்கொண்டார். "பாஸ்போர்ட் தபால்ல வந்துடும். நல்லா ஆடிட்டு வா எழில்மதி."

பைக் சத்தம் தெருக்கோடியில் தேய்ந்தது. வைத்திலிங்கம் கதவைச் சாத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். "முடிஞ்சிடுச்சி. இனிமே ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

ஆதிலட்சுமி அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. படத்தின் எதிரே நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளைக் கூப்பிட்டாள்.

"சண்முகப்பிரியா, இப்டி வாடி. வந்து உன் தங்கச்சி எழில்மதிகிட்ட மன்னிப்பு கேட்டுக்க."