கூட்டாளிகள் அறை

"இனிமே இந்த ஆபீஸ்ல 'சப்ளையர்'ங்கிற வார்த்தை யார் வாயிலயாவது வந்துச்சு, எனக்குக் கெட்ட கோபம் வரும்!"

மேலாளர் சுவரைத் தட்டினார். செருப்புக் கம்பெனிக்குத் தோல், லேஸ், அட்டைப்பெட்டி கொண்டு வருகிறவர்கள் உட்காரப் புதிதாக ஓர் அறை கட்டியிருந்தார்கள். மெத்தென்ற சோபா, ஏசி, காபி மெஷின் எல்லாம் தயார். சாயங்காலம் முதலாளி வந்து திறந்து வைக்கப் போகிறார்.

ஏணியில் நின்று, வாசலுக்கு மேலே 'சப்ளையர்கள்' என்று பிளாஸ்டிக் எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருந்த போர்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க எழுதிக் கொடுத்ததுதானே சார்?"

"கொடுத்தேன்யா. இப்ப பார்த்தா மனசு கேக்கலை. ஓட்டல்ல சாப்பாடு கொண்டாந்து வைக்கிறவரும் சப்ளையர், நமக்குத் தோல் தர்றவரும் சப்ளையரா? அவங்க இல்லேன்னா நாம ஏது? ஒரு மரியாதை வேண்டாமா?"

கேட்கவே குளிர்ச்சியாக இருந்தது. கணக்காளர் உருகியே போய்விட்டார்.

"விற்பனையாளர்னு போடலாமா சார்?"

"கடை வாசல்ல நின்னு கூவுற மாதிரி இருக்கு."

"வழங்குநர்?" என்றாள் கொள்முதல் பார்க்கும் பெண்.

"தான தர்மமா பண்றாங்க?"

"விநியோகஸ்தர்?"

"நாம என்ன சினிமாப் படமா எடுக்கிறோம்?"

போர்டுக்காரர் ஏணியை விட்டு இறங்கினார். "சார், நீங்க பேசி முடிவு பண்ணுங்க. என் பொண்ணு இன்னிக்கு முதல் முதலா வெளியூர் வேலைக்குக் கிளம்புறா. ஸ்டேஷன் பக்கத்துலதான். ரயில் ஏத்திவிட்டுட்டு ஓடி வந்துடுறேன்."

"முதலாளி வர்றப்ப வாசல் மொட்டையா நிக்கணுமா? அதெல்லாம் முடியாது. ஓரமா நில்லுய்யா."

நின்றார்.

மரியாதையைப் பற்றிய ஆராய்ச்சி தொடர்ந்தது. அகராதி வந்தது. காபி மெஷின் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கிற சாக்கில் ஆளுக்கு இரண்டு கப் உள்ளே போனது. ஓரமாக நின்றவரிடம் ஒரு பேச்சுக்குக்கூட யாரும் வேண்டுமா என்று கேட்கவில்லை.

"கூட்டாளிகள்!" கடைசியில் மேலாளருக்கே ஞானோதயம் வந்தது. "எப்படி? நீங்களும் நாங்களும் சரிசமம்னு சொன்ன மாதிரி ஆச்சு."

"பிரமாதம் சார்!"

பழைய எழுத்துகளில் கடைசி இரண்டுதான் தேறின. மிச்சத்தைப் போர்டுக்காரர் தரையில் குந்தி, புது பிளாஸ்டிக் தகட்டிலிருந்து கத்தியால் அவசர அவசரமாக வெட்டினார். ஏணியில் ஏறி முதல் எழுத்தை ஒட்டும்போது சட்டைப்பையில் போன் அடித்தது.

"அப்பா, எங்கப்பா இருக்கீங்க? வண்டி நகருது!"

"வேலை முடியலைம்மா... ஜன்னல் கதவை இறக்கி விட்டுக்கோ. போனதும் பேசு."

மகள் போய்விட்டாள். எழுத்துகள் மட்டும் கோணாமல் வரிசையாக நின்றன. மேலாளர் தள்ளி நின்று ரசித்தார், போனில் படம் பிடித்துக்கொண்டார்.

கீழே இறங்கிய போர்டுக்காரர் ஏணியை மடக்கிச் சாத்தினார். அறைக்குள் போய் சோபா நுனியில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"யோவ், எழுந்திரு!" மேலாளர் பாய்ந்து வந்தார். "அது கூட்டாளிங்க உட்கார்ற இடம். நீ போர்டு சப்ளையர்தானே, வெளியே போய் நில்லு!"