நம்பர் இல்லாத துண்டு

இரண்டு பேர் சேர்ந்து ஈரப் போர்வையை முறுக்குவதுபோல அடிவயிற்றைப் பிழிந்தது மாதவிடாய் வலி. சலவைக் கடையில் துணி மடிப்பவள் மேசையில் சாய்ந்ததுதான் தாமதம், இஸ்திரி மாஸ்டர் சிடுசிடுத்தார்.

"நிக்க முடியலன்னா உட்காரு. இந்தா, இந்தத் துண்ட மடியில வெச்சுக்கோ. சூடு ஆறுறதுக்குள்ள எடுத்தா மடிப்பு கலைஞ்சிடும்."

மாதாமாதம் இவளுக்கு முடியாத நாளாகப் பார்த்துத்தான் இந்தத் தடித்த துண்டும் வந்து தொலைக்கும். முனகிக்கொண்டே வாங்கினாள்.

சூடு மெல்ல உள்ளே இறங்கியது. வயிற்றின் முறுக்கு ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. இஸ்திரிப் பெட்டியின் ஆவி மேகமாய் மிதக்க, இவளும் கூடவே மிதந்தாள். துண்டு ஆறியதும், "மடிப்பு சரியில்ல" என்று மாஸ்டர் பிடுங்கி, மறுபடி தேய்த்து மடியில் போட்டார். இப்படி மூன்று தடவை.

வலி விட்டதும் எழுந்தாள். கடைக்கு வரும் துணிக்கெல்லாம் ஓரத்தில் நம்பர் எழுதுவது இவள்தான். இதில் எதுவும் இல்லை.

"யாரோட துண்டு மாஸ்டர் இது? நம்பரையே காணோமே?"

மாஸ்டர் நிமிரவில்லை.

"என் வீட்டுக்காரியோடது. அவளுக்கும் இப்படித்தான் சுருட்டிப் பிடிக்கும். 'அந்தப் பொண்ணுக்கு ஆகட்டும்'னு போன வருஷமே குடுத்தனுப்பிட்டா. பத்திரமா அலமாரியில வை. அடுத்த மாசம் தேடிக்கிட்டு நிக்க முடியாது."