ஆபரேட்டர் பார்த்த படம்

கல்லூரியில் இடமில்லை என்று காலையில் பதில் வந்ததிலிருந்து மகள் வாய் திறக்கவில்லை. கொஞ்சம் சிரிக்கட்டுமே என்று, தியேட்டர் ஆபரேட்டரான அப்பா அவளைக் கீழே நடுவரிசையில் உட்காரவைத்துக் கல்லூரிக் காமெடிப் படத்தை ஓட்டுகிறார். ஒரு வாரமாக ஓட்டியும் அவர் பார்த்தது போகஸை மட்டும்தான், கதையை அல்ல. இப்போது திரையில், "உனக்கு சீட் இல்ல, கிளம்பு தம்பி" என்று கதாநாயகனைக் கல்லூரி வாசலிலேயே விரட்டுகிறார்கள். சிரிப்பில் அரங்கம் அதிர்கிறது. மகளைப் பார்க்க அப்பா பாய்ந்து எழுகிறார். சூடேறிய எந்திரத்தின் பக்கத்துக் கண்ணாடிச் சதுரத்தில் முகத்தைப் பதிக்கிறார். தூசு மினுங்கப் பாயும் ஒளிக்குக் கீழே, அத்தனை தலைகளுக்கு நடுவே, மகள் முன்னிருக்கையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரிக்கிறாள். இவ்வளவு பெரிய சிரிப்பை எங்கே வைத்திருந்தாள் என்று அவர் மலைத்து நிற்கிறார். திரையில் படம் மங்கலாவது அவருக்குத் தெரியவில்லை. விசில் பறக்கிறது. "யோவ் ஆபரேட்டர், தூக்கமா?" எல்லாக் குரலுக்கும் மேலே அவள் குரல் கணீரென்று எழுகிறது: "அப்பா, போகஸ்!"