மூலையில் ஒரு கட்டம்

தாள்களில் பிரிண்ட் எடுத்து ஒட்டிய, துணி வெட்டுவதற்கான ரவிக்கை பேட்டர்ன், பட்டுத்துணி மேல் ஏறிப் படுத்துக்கொண்டு, "ம், வெட்டு!" என்றது.

கத்தரிக்கோல் அலகை விரிக்கவில்லை. "உன் மூலையில அளவு சரிபார்க்க ஒரு கட்டம் இருக்கே, அது சரியா ரெண்டு அங்குலம் இருக்கணும். முதல்ல டேப் அளக்கட்டும்."

"கம்ப்யூட்டர் போட்ட அளவையே சந்தேகப்படுறியா?"

"ஆமா. உன்னை இன்னொரு தடவை பிரிண்ட் எடுக்கலாம். இந்தப் பட்டு ஒரே துண்டுதான்."

டேப் அளந்தது. கட்டம் கால் அங்குலம் குறைந்தது. தாளுக்குள் அடக்குவதற்காக பிரிண்டர் எல்லாவற்றையும் சுருக்கியிருந்தது. பேட்டர்ன் குப்பைக்கூடைக்குப் போனது.

புதிய பேட்டர்ன் வந்து படுத்தது. "நான் சரியான அளவுதான். வெட்டு!"

"போனவனும் இதையேதான் சொன்னான்" என்றது கத்தரிக்கோல். "டேப்பு, வா, அள."